மெக்சிகோ பெயர், மொரட்டுவைத் தாளம், முசஃபா மேடை

லோஸ் கபலேரோஸ். லோஸ் முச்சாச்சோஸ். லா பம்பாஸ். லா சிலோனியன்ஸ்.

கடைசிப் பெயர்தான் குட்டை உடைக்கிறது. மற்ற மூன்றையும் கேட்டால், அகலத் தொப்பியும் வெள்ளிப் பொத்தான் சட்டையுமாக மெக்சிகோ நகரச் சதுக்கத்தில் நின்று வாசிக்கிறவர்கள் என்றுதான் தோன்றும். நான்குமே 1960-களிலும் 70-களிலும் இலங்கையில் கொடிகட்டிப் பறந்த குழுக்கள். லோஸ் கபலேரோஸை நடத்தியவர் நெவில் பெர்னாண்டோ. லா சிலோனியன்ஸ், நோயல் ரணசிங்கவுடையது. பாடியது சிங்களம். கையில் கிடார், பொங்கோ, மரக்காஸ். மெக்சிகோக்காரர் மருந்துக்கும் கிடையாது.

அந்தக் காலத்துக் கொண்டாட்டப் பாட்டுகளும், அவற்றின் தமிழ்ச் சகோதரங்களான 'பொப்' பாடல்களும் இன்றைக்கும் மவுசு குறையாமல் ஒலிக்கும் இடங்களில் ஒன்று வளைகுடா. சென்னையில் 'சுராங்கனி' பாட்டு என்றால் ஒரு தலைமுறைக்கு முந்தைய சங்கதி. அபுதாபியை அடுத்த முசஃபாவில் பத்துப் பேர் கூடி, அதில் ஓர் இலங்கைக்காரரும் இருந்துவிட்டால், அந்தப் பாட்டு வராமல் இரவு முடியாது. பழைய பாட்டு ஏன் வெளியூரில் இப்படி வாழ்கிறது என்று தேடப் போனால், வழி வெகு தூரம் இழுத்துக்கொண்டு போகிறது. மெக்சிகோ வரைக்கும்.

அபுதாபித் தீவிலிருந்து மக்தா பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் இறங்கினால் தென்மேற்கில் விரிந்து கிடப்பது முசஃபா. 'எம்' என்ற எழுத்தும் ஓர் எண்ணுமாகப் பெயர் வைத்த செக்டர்கள். கராஜ், உதிரிபாகக் கடை, இரும்புப் பட்டறை, மறுபடியும் கராஜ். அதற்கும் அப்பால், எல்லோரும் ஐகேட் என்று சொல்லும் தொழில் நகரமும் ஆயிரக்கணக்கான கட்டில்கள் கொண்ட தொழிலாளர் குடியிருப்புகளும். இந்தப் பக்கம் ஷாபியா. அது குடும்பஸ்தர்களின் பகுதி: இந்தியப் பள்ளிகள், மளிகைக் கடைகள், பரோட்டாவும் சுலைமானியும் கிடைக்கும் கஃபெட்டீரியாக்கள். 2015 ஜூனில் முசஃபாவில் புனித பவுல் கத்தோலிக்க ஆலயமும் திறக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் இந்த ஊரைப் பார்ப்பதில்லை. அபுதாபியில் ஓடுகிற பல வண்டிகள் பழுதானால் வந்து சேருவது இங்கேதான்.

அமீரகத்தில் 2022 ஜனவரி 1 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியது. அது அரசு அலுவலகத்துக்கு. முசஃபாவின் பட்டறைகளில் பலருக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளில் துணி துவைக்க வேண்டும், முடி வெட்ட வேண்டும், வீட்டுக்கு வீடியோ கால் போட வேண்டும், பணம் அனுப்ப எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நிற்க வேண்டும். எல்லாம் முடிந்து மிஞ்சுகிற மூன்று மணி நேரத்தில்தான் பாட்டு.

இங்கே கச்சேரிக்குக் குழு அமைவது எப்படி என்று வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும். கீபோர்டு ஒரு மலையாளி வாசிப்பார். ரிதம் பேட் தமிழர். கிடார் இலங்கையிலிருந்தோ கோவாவிலிருந்தோ வந்தவர். பாட ஆள் கிடைப்பதில் கஷ்டமே இல்லை. பாட வேண்டாம் என்று சொல்வதில்தான் கஷ்டம். ஹோட்டல்களில் வாசிக்கும் தொழில்முறைக் குழுக்களில் பிலிப்பைன்ஸ்காரர்களின் கொடிதான் பறக்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் பகலில் அக்கவுண்டன்ட், ஃபோர்மேன், கடை சூப்பர்வைசர், ராத்திரியில்தான் இசைக்கலைஞர். முழுக் குழுவும் சேராத நாளில் 'டிராக்' போட்டுப் பாடுவார்கள். பாடகர் இல்லாத இசைத்தடம் கைபேசியில் இருக்கிறது, ஒரு புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது, போதும்.

பொது மேடை ஏறுவது என்றால் வேறு கதை. அனுமதி வாங்காமல் நிகழ்ச்சி நடத்தவோ டிக்கெட் விற்கவோ முடியாது. அதனால் பெரிய கச்சேரிகள் சென்னையிலிருந்து பாடகர்களை வரவழைக்கும் வசதி படைத்த அமைப்பாளர்களுக்கு. சிறிய கச்சேரிகள் கம்பெனி ஆண்டு விழாவுக்கும் சங்கத்துப் பொங்கலுக்கும். அதற்கும் கீழே அறைக்குள் நடக்கிற கச்சேரி. அங்கே அனுமதி தர வேண்டியவர் பக்கத்து அறையில் தூங்கும் இரவு ஷிப்ட்காரர்.

மெக்சிகோவுக்கு வருவோம். ஊரை விட்டு வந்தவர்கள் சேர்ந்து ஊர் நினைப்பைப் பாடி உலகத்தையே மயக்கிய குழுக்களில் 'ட்ரியோ லோஸ் பாஞ்சோஸ்' முக்கியமானது. 1944-ல் தொடங்கியது; மெக்சிகோவில் அல்ல, நியூயார்க்கில். ஆல்ஃப்ரெடோ ஹில், சுச்சோ நவாரோ இருவரும் மெக்சிகோக்காரர்கள். மூன்றாமவரான எர்னாண்டோ அவிலேஸ் போர்ட்டோ ரிக்கோக்காரர். மூன்று குரல், மூன்று கிடார். அதில் ஒன்று சுருதி கூட்டி வைத்த சின்னக் கிடார். ஹில் தன் தேவைக்கென்று உருவாக்கியது. பாட்டுக்கு முன்னும் இடையிலும் அது முத்துக் கோத்ததுபோல் ஓடும். அவர்கள் பாடிய பொலேரோ வகைக்குப் பிறந்த வீடு கியூபா, புகுந்த வீடு மெக்சிகோ. 2023-ல் யுனெஸ்கோ அதை இரண்டு நாடுகளின் பெயரிலும் மரபுச் செல்வமாகப் பதிந்தது. ஆக, உலகம் 'மெக்சிகோ இசை' என்று தலையில் வைத்துக் கொண்டாடிய ஒன்று, கியூபாவின் வடிவத்தில், போர்ட்டோ ரிக்கோக்காரர் குரலும் சேர்ந்து, அமெரிக்க ஊர் ஒன்றில் உருவானது.

அந்த மூன்று கிடார் பாணி இசைத்தட்டிலும் வானொலியிலும் ஏறி உலகம் சுற்றியது. பராகுவேயின் லோஸ் பராகுவாயோஸ் குழு ஏறக்குறைய அதே சாயலில் ஐரோப்பாவைக் கலக்கியது. 1956-ல் ஹாரி பெலஃபான்டேயின் 'கலிப்ஸோ' இசைத்தட்டு வந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-லேயே தொடங்கிவிட்டது. கொழும்பு இளைஞர்களின் காதில் ஸ்பானிய கிடாரும் கரீபியத் தாளமும் ஒன்றாக விழுந்தன. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு அவசியம் இருக்கவில்லை. குழுவுக்கு 'லோஸ்' என்று பெயர் வைத்தார்கள், பாட்டைச் சிங்களத்தில் எழுதினார்கள், கடற்கரை விருந்துகளுக்குக் கிளம்பினார்கள்.

இவ்வளவுதான் கதை என்றால் அது வெறும் நகல். ஆனால் இலங்கைக் கடற்கரையில் இதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு விதை விழுந்திருந்தது.

1505-ல் போர்த்துக்கீசியர் இலங்கைக்கு வந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர்களிடம் தோற்றுப் போனார்கள். அவர்கள் விட்டுப் போனவற்றில் கத்தோலிக்க மதமும் ஒரு கலப்பு மொழியும் ஒரு தாளமும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து படை வேலைக்கும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் பாட்டும் போர்த்துக்கீசியர் ஆட்டமும் சேர்ந்து கப்ரிஞ்ஞா ஆனது. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடி என்ற கிராமத்தில் அந்த ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய 'மஞ்சா' பாட்டுக்குத் தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல் எல்லாம் வாத்தியம். மட்டக்களப்பில் போர்த்துக்கீசிய வழிப் பறங்கியர் தங்கள் கல்யாணங்களில் வயலினும் கிடாரும் வைத்துக் கப்ரிஞ்ஞா ஆடுவார்கள். வீட்டில் போர்த்துக்கீசியக் கலப்பு மொழி, வெளியில் தமிழ். அவர்களில் பலர் வாழ்ந்த டச்பார் பகுதியை 2004 சுனாமி சூறையாடியது. பாட்டும் பாடுகிறவர்களும் ஒரே காலையில் குறைந்து போனார்கள்.

அந்தத் தாளத்தை எடுத்துச் சிங்களச் சொற்களைப் பூட்டி, விருந்தினர் எல்லோரும் சேர்ந்து பாடுகிற 'கோரஸ் பைலா'வாக ஆக்கியவர் வாலி பஸ்தியன். போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவர். கொழும்புக்குத் தெற்கே தச்சர்களும் மீனவர்களும் நிறைந்த மொரட்டுவை, பைலா என்ற இந்த இசையின் தலைநகரம் ஆயிற்று. பிறகு ஜிப்ஸீஸ் குழுவின் சுனில் பெரேரா அதில் அரசியல் நையாண்டியையும் ஏற்றினார். 2021 செப்டம்பரில் அவர் இறந்தபோது, அமைச்சர்களைக் கிண்டல் செய்த மனிதருக்காக நாடே துக்கம் காத்தது.

பைலாவின் நடை ஆறு எண்ணிக்கை. நம் பக்கத்தில் சொன்னால் திஸ்ரம். கும்மி தட்டியவர்களுக்குக் காலில் ஏற்கெனவே இருப்பது. இதற்குப் பயிற்சி தேவையில்லை, மேஜையும் ஒரு கரண்டியும் போதும். கர்னாடகக் கச்சேரியில் தாளம் தவறினால் முகம் சுளிப்பார்கள். பைலாவில் தவறினால் இன்னொரு தடவை பாடுவார்கள். விருந்துக்கென்றே செய்த இசை.

தமிழர்கள் இதற்குள் வந்தது 1960-களின் பின்பாதியில். யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிடாரும் கையுமாகத் தமிழில் துள்ளிசைப் பாடல்களைப் பாட ஆரம்பித்தார். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இரண்டும் அவர் பெயர் சொல்லும் பாட்டுகள். இரண்டாவது பாட்டின் விதியை நினைத்தால் சிரிப்பு வரும். குடிக்காதே என்று புத்தி சொல்லும் அந்தப் பாட்டு, குடிக்கிறவர்கள் கூடும் இடத்தில்தான் அதிகம் பாடப்பட்டது. முசஃபாவின் கேம்ப் அறைகளில் மதுவுக்குத் தடை. அங்கே செவன் அப் குடித்துக்கொண்டு, கள்ளுக்கடைக்குப் போகாதே என்று ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்லிக்கொள்கிறார்கள். நித்தி பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். பொப் இசைக்காரர்களின் ரசிகர்களும் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு உலகெங்கும் சிதறினார்கள். டொரன்டோ, லண்டன், பாரிஸ் கல்யாண மண்டபங்களில் இந்தப் பாட்டுகள் இன்னும் ஒலிப்பது அதனால்தான்.

ஏ.ஈ. மனோகரன் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். 'சிலோன் மனோகர்' என்றும் 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்றும் அழைக்கப்பட்டவர். பெரிய தலைமுடி, தாடி, மேடையில் ஓரிடத்தில் நிற்காத கால். 'சுராங்கனி'யில் அவர் சிங்களத்தையும் தமிழையும் கூச்சமில்லாமல் கலந்தார். மீன் வாங்கி வந்த கதைதான், வேறு தத்துவம் ஒன்றும் இல்லை. அந்தப் பாட்டு தமிழக மேடைகளில் தீயாகப் பரவியது. 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையிலும் ஒரு சுராங்கனி வந்தாள். மலேசியாவில் பிறந்து வளர்ந்து சென்னைக்கு வந்த மலேசியா வாசுதேவன் அதைப் பாடினார். இலங்கைப் பாட்டு, பண்ணைப்புரத்து இசையமைப்பாளர், மலேசியக் குரல். மனோகரன் பின்னர் சினிமாவில் வில்லனாக நடித்து, 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். நம் பத்திரிகைகள் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

முசஃபாவில் இந்தப் பாட்டைப் பாடுகிற பலருக்கு வயது முப்பதுக்குள். 1970-களில் இவர்களுடைய அப்பாக்கள் டவுசர் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். தாங்கள் பார்க்காத காலத்துப் பாட்டுக்கு ஏன் இப்படி உருகுகிறார்கள்? என் கணிப்பு இது: காலத்தை நினைத்து அல்ல, கூட்டத்தை நினைத்துத்தான் ஏங்குகிறார்கள். அத்தை, மாமா, பெரியப்பா எல்லோரும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடிய கல்யாண வீட்டு ராத்திரி. புதுப் பாட்டு அந்தக் கூட்டத்தைக் கொண்டுவருவதில்லை. அதை அவரவர் ஹெட்போனில் தனித்தனியாகக் கேட்டுப் பழகியாயிற்று.

இன்னொரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. அமீரகத்தில் மனைவி மக்களைத் தன் விசாவில் அழைத்துவர மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹமும் கம்பெனி வீடும். வெல்டருக்கும் ஹெல்பருக்கும் அது எட்டாது. ஜோடியாக ஆடுவதற்குப் பிறந்த இசை, இங்கே ஆண்கள் மட்டும் நிற்கிற அறையில் ஒலிக்கிறது. ஒருவர் தோளில் துண்டைப் போட்டுச் சுராங்கனி ஆவார், இன்னொருவர் மீன் வாங்கி வந்தவர் ஆவார். பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஷாபியாவில் குடும்பங்கள் கூடும் விழாவில் இதே பாட்டுக்குப் பெண்களும் குழந்தைகளும் ஆடுவார்கள். இரண்டுக்கும் இடையில் சில கிலோமீட்டர்.

தொழிலாளர்கள் பாடுவதை வெளியுலகம் ஒருமுறை கவனித்தது. 'கேம்ப் கா சாம்ப்' என்ற பெயரில் அமீரகத்தின் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒரு பாட்டுப் போட்டி நடந்துவந்தது. இயக்குநர் மஹ்மூத் கபூர் அதைப் பின்தொடர்ந்து 'சாம்ப் ஆஃப் தி கேம்ப்' என்ற ஆவணப்படம் எடுத்தார். 2013 துபாய் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. நல்ல படம். ஆனால் போட்டியின் மொழி இந்தி சினிமாப் பாட்டு. தெலுங்கரும் தமிழரும் வங்காளியும் அந்தப் பாட்டில்தான் தேற வேண்டும். வடக்கு எது, தெற்கு எது என்று பார்க்காமல் எல்லோரையும் இந்திக்காரர் ஆக்கும் பழக்கம் வளைகுடாவில் மேடைக்கு வெளியிலும் உண்டு. சுராங்கனியிடம் அந்தத் தொல்லை இல்லை. அவளைப் பாட எவருக்கும் எந்த மொழியும் முழுசாகத் தெரிய வேண்டியதில்லை.

வந்தவர்களும் இருந்தவர்களும் கலந்து செய்த இசை வளைகுடாவுக்கும் புதிதல்ல. கடலோர அமீரகத்தில் 'லேவா' என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் சந்ததியார் வளர்த்தது. நடுவில் ஒருவர் நம் நாதஸ்வரத்துக்குத் தூரத்து உறவான சுர்னாயை ஊதுவார், சுற்றிப் பெரிய முரசுகள், கூடவே தகர டப்பா ஒன்றும் அடிபடும். முத்துக்குளிப்புக் கப்பல்களில் பாடுவதற்கென்றே ஆள் இருந்தார்; பஹ்ரைனின் அந்த 'ஃபிஜிரி' பாடல்களை 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. சிரம்பியடியின் சிரட்டையும் லேவாவின் தகர டப்பாவும் ஒரே கடலின் இரண்டு கரைகளில், ஏறக்குறைய ஒரே வகை மனிதர்களின் கையில் வாத்தியம் ஆனவை. இந்தச் சங்கதி முசஃபாவில் மேஜை தட்டுகிறவருக்கும் தெரியாது, தேசிய தினத்தன்று லேவா ஆடும் அமீரகத்தாருக்கும் தெரியாது.

அப்படியானால் முசஃபாவில் ஒரு புது இசை பிறக்குமா? மலையாளியின் கீபோர்டு, தமிழரின் ரிதம் பேட், சிங்களவரின் கிடார், பிலிப்பைன்ஸ்காரரின் குரல் என்று சரக்கெல்லாம் கையில் இருக்கிறதே?

எனக்கு நம்பிக்கை இல்லை. பைலாவுக்கு முன்னூறு ஆண்டு கிடைத்தது. வந்தவர்கள் தங்கினார்கள், கல்யாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் பாடினார்கள். லோஸ் பாஞ்சோஸுக்கு நியூயார்க்கில் இரவு விடுதிகளும் ரெக்கார்டு கம்பெனிகளும் இருந்தன. முசஃபாவின் ரிதம் பேட்காரருக்கு விசா இரண்டு வருஷம். புதுப்பித்தால் இன்னும் இரண்டு. கலைஞர்களுக்குப் பத்து வருஷக் கோல்டன் விசா உண்டுதான். 2022-ல் கமல்ஹாசனுக்குக் கொடுத்தார்கள். ஃபோர்மேனாக இருந்துகொண்டு ஞாயிறுதோறும் வாசிக்கிறவர் கலைஞர் கணக்கில் வரமாட்டார். நன்றாக வாசித்துக்கொண்டிருக்கும் குழு ஒன்று, ஒரே ஒரு காண்ட்ராக்ட் முடிந்தால் கலைந்துவிடும். அடுத்த குழு மறுபடி 'சுராங்கனி'யில் ஆரம்பிக்கும். எல்லோருக்கும் ஒத்திகை இல்லாமல் தெரிந்த பாட்டு அது ஒன்றுதான். சொந்தமாக ஒரு பாட்டு செய்ய, ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப ஒரே அறையில் உட்கார வேண்டும்.

கிரிக்கெட் மைதானத்தில் மட்டும் வேறு காட்சி. 2022 ஆசியக் கோப்பையை நடத்த வேண்டியது இலங்கை; பொருளாதாரம் படுத்துவிட்டதால் போட்டி அமீரகத்துக்கு மாறியது. செப்டம்பர் 11 அன்று துபாயில் பாகிஸ்தானை 23 ரன்னில் வீழ்த்தி இலங்கை கோப்பையை எடுத்தது. இலங்கை ஆடுகிற இடத்துக்குப் 'பப்பரே' வாத்தியமும் வந்துவிடும்: ட்ரம்பெட், முரசு, பைலா மெட்டு, ஓயாத ஆறு எண்ணிக்கை. முசஃபாவிலிருந்து அதிக தூரமில்லாத அபுதாபி ஷேக் சையத் மைதானத்திலும் அப்படித்தான். அங்கே யாரும் யாரிடமும் நீ சிங்களவரா, தமிழரா என்று கேட்டுக்கொண்டு ஆடுவதில்லை. விக்கெட் விழும்வரைக்குமாவது.

கோடையில் குழுக்களுக்கு வேலை குறைவு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை செய்யத் தடை. பணமும் தெம்பும் உள்ளவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அக்டோபரில் வெயில் தணிந்ததும் தீபாவளி, டிசம்பர் 2 தேசிய தினம், கிறிஸ்துமஸ், பொங்கல் என்று வரிசை கட்டும். அப்போது ஒத்திகைக்கு இடம் பிடிப்பதும் ஆள் பிடிப்பதும்தான் பெரிய வேலை. கீபோர்டுக்கு ஆள் கிடைக்கிறது, பாட நூறு பேர் நிற்கிறார்கள். பேஸ் கிடார் வாசிக்க மட்டும் ஆள் அகப்படுவதே இல்லை. இப்போதைக்குக் கீபோர்டுக்காரரின் இடது கைதான் பேஸ்.